மூன்று பக்க ரிப்போட்டும் லயத்து மிலாறும்

கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் நோட்டுப் புத்தகம், கையில் இரவல் கடிகாரம். எதிரே வாயைத் திறந்துகொண்டு கனன்று நிற்கிறது இஸ்டோர் அடுப்பு. அதற்கும் எனக்கும் நடுவில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு என் அப்பா.

ஒரு விறகுக் கட்டையை எடுக்கிறார். கொழுந்து நிறுக்கிற தராசில் வைக்கிறார். நான் எடையை எழுதி முடிக்கும்வரை நிற்கிறார். பிறகு, "போடலாங்களா?" என்று கேட்கிறார். பெற்ற மகனிடம் 'ங்க' போட்டுக் கேட்கிறார். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

எங்கள் பக்கத்தில் தேயிலை ஆலைக்கு இஸ்டோர் என்று பெயர். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் இரண்டு மைலில் எங்கள் தோட்டம். அங்கே இஸ்டோர் அடுப்புக்குத் தீப்போடுகிறவர் என் அப்பா பெருமாள். நான் தென்னிந்தியாவில் ஒரு கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருஷத்துக்கு முந்தின லீவு. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடுப்படியில் உட்கார்ந்து நான் எழுதிய மூன்று பக்க ரிப்போட், என் குடும்பத்தையே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, வயதாகிவிட்டது.

என்ன படிப்பு அது?

கண்டியிலிருந்து ஒரு வாசகர், "இரசாயனப் பொறியியல் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன ஐயா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, இதே கேள்வியை அந்தக் காலத்தில் லயம் முழுக்கக் கேட்டது. அன்றைக்கே எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டருக்குப் படிக்கிறான் என்றால் ஜனங்களுக்குப் புரியும். வாத்தியார் என்றால் புரியும். எஞ்சினியர் என்றால்கூட, பாலம் கட்டுவான், ரோட்டுப் போடுவான் என்று சமாதானம் ஆவார்கள். இது என்ன? மருந்தும் இல்லை, ரோட்டும் இல்லை. லயத்து அறைக்குக் காம்பிரா என்று பெயர்; பக்கத்துக் காம்பிராக்காரர் ஒருவர் நான் உரம் காய்ச்சப் படிக்கிறேன் என்று முடிவு செய்து, தன் வீட்டு மரக்கறிப் பாத்திக்கு யோசனை கேட்டார். இன்னொருவர் வெடிமருந்து என்று நினைத்துக் கொஞ்ச நாள் என்னைக் கண்டால் ஒதுங்கியே போனார்.

என் ஸ்லைட் ரூலைப் பார்த்துவிட்டு அம்மா ஒரு காரியம் செய்தாள். அளவுகோல் மாதிரி இருக்கும், நடுவில் ஒரு பட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், பெரிய பெருக்கலையெல்லாம் நொடியில் போட்டுவிடலாம். அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, விபூதியும் பூசிவிட்டாள். விபூதி உள்ளே புகுந்து பட்டை இறுகிப் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் விட்டு அசைத்து அசைத்து ஒருவாறு ஓட வைத்தேன். அதற்குப் பிறகு நான் போட்ட கணக்குகளெல்லாம் லேசாகத் தேங்காய் எண்ணெய் மணக்கும்.

ஹட்டனில் என்னைப் படிப்பித்த ஆசிரியர்கள் ஓடியாடி வாங்கித் தந்த உதவிச் சம்பளத்தில்தான் அக்கரைக்குப் போனேன். கப்பல் ஏறப் பாஸ்போட் வேண்டும். பிறந்த நாடு எங்களுக்குப் பிரஜா உரிமை தரவில்லை. ஆகவே இந்தியப் பாஸ்போட் எடுத்தேன். அப்பாவும் அம்மாவும் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. நான் பிறந்த லயத்துக்கு நானே விசா வாங்கிக்கொண்டு லீவில் வரவேண்டும், இத்தனை நாள்தான் இருக்கலாம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த முறை இரண்டு மாதம் தந்திருந்தார்கள்.

நான் உதிர்த்த முத்து

கடைசி வருஷத்துக்குப் போக வேண்டுமானால், லீவில் ஏதாவது ஓர் ஆலையில் பயிற்சி எடுத்து, ரிப்போட் எழுதி, அந்த ஆலைப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. வேறு எந்த ஆலை என்னைச் சேர்க்கும்? தோட்டத்து மேனேஜரான எங்கள் பெரிய துரையிடமே போய் நின்றேன். வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் 'நீ', 'அவன்' தவிர வேறு மரியாதைச் சொல் அவர் தமிழில் கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

நான் எடுத்துக்கொண்ட வேலை எளியது. அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது, அதன் சூட்டில் எவ்வளவு தேயிலை காய்கிறது, சூடு எங்கெங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பது. ஐந்து நாள் அளக்கத் திட்டம் போட்டேன்.

தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம், ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், என்னதான் பார்க்கப் போகிறாய் என்று. நான் வாயில் ரொட்டியோடு, பெரிய மேதை மாதிரி, "கொஞ்ச வெறகுல நெறைய தூள் காய வைக்கிறதுதாம்ப்பா எங்க படிப்பே" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி ராசாத்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதோடு பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஐந்து நாள்

அந்த ஐந்து நாளையும் இப்போது நினைத்தாலும் மூக்கில் வாசனை வருகிறது. காலையில் இஸ்டோருக்குள் நுழைந்தால் மேல்மாடியில் வாடுகிற கொழுந்தின் பச்சை வாசனை. கீழே அரைத்த கொழுந்து பழுக்கிற இடத்தில் ஆப்பிள் மாதிரி ஒரு புளிப்பு. டிரையர் பக்கம் வந்தால் காய்ந்த தூளின் மணம், அது வேட்டி, தலைமயிர், சோறு எல்லாவற்றிலும் ஏறும். வெளியே பனி கொட்டும். அடுப்படியில் மட்டும் வெயில் காலம்.

அடுப்பு இஸ்டோருக்குப் பின்பக்கத்துக் கொட்டகையில். டிரையர் உள்ளே. கால் மணிக்கு ஒரு தடவை நான் உள்ளே போய்ச் சூட்டுமானியைப் பார்த்து, தூளை நிறுத்து, எழுதிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்தால் அப்பா நல்ல பிள்ளையாகக் கட்டையைத் தராசில் வைத்துக்கொண்டு நிற்பார்.

டீமேக்கர் ஐயா, அதாவது இஸ்டோருக்குப் பொறுப்பானவர், சிங்களவர், இடையிடையே வந்து எட்டிப் பார்ப்பார். விறகை மிச்சம் பிடிக்கிற ஆள் என்று அப்பாவைப் பற்றி எப்போதும் நல்லபடியாகச் சொல்வார். அப்பாவுக்கு அதுதான் பட்டம்.

அந்த வாரம் வீட்டில் சாப்பாடு ஒரு வேளைதான் சூடாக இருந்தது. மற்ற வேளைக்குப் பழைய ரொட்டி. அம்மாவுக்கு உடம்பு சுகமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஆராய்ச்சியில் இருந்தேனல்லவா, துரை!

ஐந்தாம் நாள் கணக்குப் போட்டால், அடேயப்பா! புத்தகத்தில் சொன்னதற்கு ஏறக்குறையப் பாதி விறகில் எங்கள் அடுப்பு வேலை செய்கிறது. கொஞ்சமாவது மூளை உள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன். மலைக்காற்று, அடுப்பின் அமைப்பு, தீப்போடுகிறவரின் கைத்திறம் என்று காரணமெல்லாம் நானே கண்டுபிடித்து, அழகான இங்கிலீஷில் எழுதி, 'இந்த ஆலைக்கு இவ்வளவு விறகே போதுமானது' என்று கோடு போட்டு முடித்தேன். மூன்று பக்கம். துரையின் ஆபீசில் கொடுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பெரட்டில் நடந்தது

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், அப்பாவுக்கு வேலை இல்லை என்றார்கள். ஆபீசுக்கு வரச் சொல்லித் துரை உத்தரவு.

விஷயம் இதுதான். துரை என் ரிப்போட்டைப் படித்தார். பிறகு விறகுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அடுப்புக்குக் கொடுத்த விறகு, நான் 'போதும்' என்று எழுதியதைப் போல இரண்டு மடங்கு. பாதி விறகில் வேலை நடக்கிறதென்றால் மீதிப் பாதி எங்கே? வருஷக்கணக்காக அந்த விறகு யார் கையில் இருந்தது? பெருமாள் கையில். ஆகவே பெருமாள் கள்ளன்.

விறகுக் களவு என்றால் பத்துச்சீட்டுத்தான். வேலையை விட்டு நிறுத்தித் தருகிற அந்தச் சீட்டோடு லயக் காம்பிராவும் போய்விடும். களவு என்று பேர் விழுந்தவனை லிந்துலையிலிருந்து இறம்பொடை வரை எந்தத் தோட்டமும் சேர்க்காது. நாடும் இல்லாத சனம், காம்பிராவும் போனால் எங்கே போவது?

நான் லயத்தில் நின்று, எப்படி, எப்படி என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ராசாத்திதான் அழுதுகொண்டே சொன்னாள்.

"நாங்கதாண்ணே மிலாறு கொண்டாந்து குடுத்தோம். நீ உள்ள போறப்பல்லாம் அப்பா அதத்தான் நிறுக்காமப் போட்டாங்க. கொஞ்ச வெறகுல காய வைக்கிறதுதான் ஒங்க படிப்புன்னு சொன்னியே, வெறகு கொறஞ்சாத்தான ஒனக்கு மார்க்கு."

மிலாறு என்பது கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகள். எங்கள் பெண்கள் வேலை முடிந்து மலையிலிருந்து தலையில் சுமந்து வந்து, வீட்டு அடுப்புக்குச் சேர்த்து வைப்பது. எங்கள் வீட்டு மிலாறு இரண்டு நாளில் தீர்ந்திருக்கிறது. பிறகு லயம் முழுக்கக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு உறவே இல்லாத வீடுகளில்கூட, எனக்குப் பரீட்சை என்று ஆளுக்கு ஒரு கட்டு. அந்த வாரம் லயத்தில் பாதி அடுப்பு எரியவில்லை. உரம் கேட்டவரும் கொடுத்தார், வெடிமருந்து என்று பயந்தவரும் கொடுத்தார். நான் சூட்டுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னையே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

துரை வைத்த பரீட்சை

ஆபீசுக்கு ஓடினேன். அப்பா வெளியே, சரளைக் கல்லில், துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நீ ஒண்ணும் பேசாத தம்பி. நாந்தான் களவெடுத்து வித்தேன்னு ஒத்துக்கிட்டேன். ஒன் பேப்பரு சரியாவே இருக்கட்டும்."

ஒரு கட்டை விறகு வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன். மார்க்குக்காக மிலாறு போட்டவர், அந்த மார்க்கைக் காப்பாற்றக் கள்ளன் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

உள்ளே போய்த் துரையிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். ரிப்போட் பொய் என்றேன். அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே, பையன் பேப்பர் சரி, களவு தன்னுடையது என்று சாதித்தார். லயத்து ஆட்களைக் கேளுங்கள் என்றேன். ஒரு லயத்து ஆள் இன்னொருவனைக் காட்டிக் கொடுப்பானா என்று துரை சிரித்தார். கடைசியில் என் மூன்று பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். டீமேக்கர் விறகு நிறுப்பான். இந்தப் பேப்பர் சரின்னா நான் கையெழுத்துப் போடுறேன், அவன் போகணும். தப்புன்னா அவன் இருப்பான், ஒனக்குக் கையெழுத்து இல்ல."

விசா முடிய நாலே நாள் இருந்தது. இன்னொரு தடவை அளக்க நேரமில்லை. எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

கட்டை

மறுநாள் காலை. டீமேக்கர் தராசுக்குப் பக்கத்தில். நான் சுவரோரம். அப்பா அடுப்பு வாசலில். பின்பக்கம் யாரும் வராதபடி ஒரு காவல்காரன்.

ஐயா, என் வாழ்க்கையில் எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ சோதனை செய்துவிட்டேன். என் கணக்குத் தப்பாக வர வேண்டும், வர வேண்டும் என்று முருகனைக் கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான். இந்தப் பக்கம் அப்பா, அதே முருகனை வேறு மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தீப்போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளி விட்டு அடுக்கினார். காற்றுக் கதவை விரல் அகலம் திறந்து, விரல் அகலம் மூடினார். தணலைக் கிளறிக் கிளறிக் கடைசிச் சூட்டையும் பிழிந்தார். தன்னைக் கள்ளன் என்று நிரூபிக்க, இருபது வருஷத்துத் தொழிலையெல்லாம் அந்த அடுப்பில் கொட்டினார்.

முதல் இரண்டு மணி நேரம் விறகு என் ரிப்போட்டின்படியே போனது. டீமேக்கர் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சூடு இறங்க ஆரம்பித்தது. டீமேக்கர் உள்ளே போய் ஒரு பிடி தூளை எடுத்து வந்தார். விரலால் நசுக்கினார். காய்ந்த தூள் நொறுங்க வேண்டும். இது மெத்தென்று இருந்தது. "பெருமாள், சூடு காணாது, விறகு போடு" என்றார். அப்பா காது கேளாதவர் மாதிரி தணலைக் கிளறிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் சொன்னார். அப்பா திரும்பவில்லை. தூள் கெட்டால் அதற்கும் பத்துச்சீட்டுத்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எப்படியும் போகத் துணிந்துவிட்டார்.

நான் போய் ஒரு கட்டையை எடுத்தேன். இருப்பதிலேயே பெரியது. தராசில் வைத்தேன். டீமேக்கர் எழுதினார். அடுப்பு வாசலுக்குப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை அப்படிக் கொதித்தது.

"வேணாண்டா தம்பி. இன்னும் ரெண்டு மணி நேரந்தான். எப்பிடியாச்சும் ஓட்டிருவேன்."

"தூள் பச்சையா வருதுப்பா."

"வரட்டும். நான் வேற தோட்டம் பாத்துக்கிறேன்."

"எந்தத் தோட்டத்துலப்பா சேப்பாங்க? சொல்லுங்க."

அவர் பிடியை இறுக்கினார். நான் இழுத்தேன். அவர் இழுத்தார். அப்பனும் மகனும் ஒரு விறகுக் கட்டைக்காக இழுபறிப்படுவதை டீமேக்கர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வயதில் எனக்குத்தான் பலம் கூட. கட்டை உள்ளே விழுந்தது. அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். நாலாவது கட்டைக்கு அப்பா தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து சூடு சரி என்று குரல் வந்தது. நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் துரை வந்து கணக்கைப் பார்த்தார். விறகுப் புத்தகம் சொன்னதும் தராசு சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பெருமாள் நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வரட்டும் என்றார். என்னிடம் மூன்று பக்கத்தையும், கையெழுத்தில்லாமல், திருப்பிக் கொடுத்தார். ஒரு வருஷம் போயிற்று. பட்டமும் ஒரு வருஷம் பிந்தித்தான் வந்தது.

அப்பா என்னோடு பேசவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேசவில்லை. நான் புறப்பட்ட அன்றைக்கு அம்மாவும் ராசாத்தியும் வட்டகொடை ஸ்டேஷன் வரை வந்தார்கள். அப்பா அடுப்பை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. பேரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு இதுவா என்று.

ரயில் வளைவு திரும்பியதும் எங்கள் மலை தெரிந்தது. இஸ்டோர்ப் புகைபோக்கியிலிருந்து புகை கொட்டிக்கொண்டிருந்தது. கரேல் என்று, மலையையே மறைக்கிற புகை. விறகை அள்ளி அள்ளிப் போட்டால்தான் அப்படி வரும். ஒரு குச்சியை வீணாக்காத மனுஷன். டீமேக்கர் திட்டியிருப்பார். திட்டத் திட்டப் போட்டிருப்பார். ரயில் எத்தனை மணிக்கு அந்த வளைவுக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, ஓவென்று அழுதேன்.